காயம் ஆறியும் வலி ஆறவில்லையே? வாசகர் கேள்வி – டாக்டர் பதில்

போன இதழில் நாள்பட்ட வலியைப் பற்றி எழுதும்போது, 'நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் அதிகமாகச் சுரந்தால் வலி கூடும்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: டாக்டர், கீழே விழுந்து முழங்காலில் அடிபட்டு எட்டு மாதம் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் படி இறங்கும்போது உயிர் போகிறது. நரம்பு வளர்வது நல்ல விஷயம்தானே, அது எப்படி வலியைத் தரும்?

பதில்: ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் வலியும் இல்லை என்று ஆகிவிடாது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் எலும்பைக் காட்டும், சவ்வைக் காட்டும், நீர் கோத்திருந்தால் காட்டும். வலியைக் கடத்துகிற நரம்பு இழைகள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. அவை எந்த ஸ்கேனிலும் தெரியாது, அவற்றின் உணர்திறன் கூடியிருக்கிறதா என்பது அதைவிடத் தெரியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கருவில் இருக்கும்போது இந்தப் புரதம் கிடைக்காவிட்டால் வலியை உணரும் நரம்பு செல்கள் செத்துப்போகும். பிறந்து வளர்ந்த பிறகு உயிரோடு இருக்க அவை இதை நம்பியிருப்பதில்லை. அதன்பின் இந்தப் புரதத்துக்கு வேறு வேலை வந்துவிடுகிறது, வலி நரம்புகள் எவ்வளவு எளிதில் தூண்டப்பட வேண்டும் என்பதை நிர்ணயிப்பது. அடிபட்ட இடத்தில் உள்ள தோல் செல்கள், மூட்டின் உள்சவ்வு, அங்கே ஓடிவரும் மேக்ரோபேஜ், மாஸ்ட் செல் போன்ற நோய் எதிர்ப்பு செல்கள் எல்லாம் இதைச் சுரக்கின்றன. அது நரம்பு முனையில் இருக்கும் ட்ரக்-ஏ என்ற ஏற்பியில் (வெளியிலிருந்து வரும் வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்) போய் ஒட்டிக்கொள்கிறது.

ஒட்டியதும் இரண்டு விஷயம் நடக்கிறது, ஒன்று வேகமாக, இன்னொன்று மெதுவாக. வேகமானது நிமிடங்களில் முடிந்துவிடும். நரம்பு முனையில் டிஆர்பிவி1 என்று ஒரு வாயில் இருக்கிறது, மிளகாயின் காரத்தையும் சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும் உணர்வது அதுதான் (இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது). நரம்பு வளர்ச்சிக் காரணி அந்த வாயிலின் பூட்டைத் தளர்த்திவிடுகிறது, அதனால் வழக்கமாகத் திறக்காத சூட்டிலேயே அது திறக்கத் தொடங்குகிறது. வெயிலில் கருகிய தோலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால்கூட எரிகிறதே, அப்போது நடப்பது இந்த வகைதான்.

மெதுவானதுதான் உங்களுக்கு முக்கியம். ட்ரக்-ஏ ஏற்பியும் அதில் ஒட்டிய புரதமும் சேர்ந்து நரம்பு முனைக்குள்ளே இழுக்கப்பட்டு, நரம்பு வழியாகவே பின்னோக்கிப் பயணம் செய்து, முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு செல்லின் மையத்துக்குப் போகின்றன. அங்கே போய் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகின்றன. விளைவாக, வலிச் செய்தியைக் கடத்தும் சப்ஸ்டன்ஸ்-பி, சிஜிஆர்பி போன்ற வேதிப்பொருள்கள் கூடுகின்றன, மின்துடிப்பை உண்டாக்கும் சோடியம் வாயில்கள் கூடுகின்றன, பிடிஎன்எஃப் என்ற இன்னொரு புரதம் முதுகுத் தண்டுக்குள் கொட்டப்பட்டு அங்கிருக்கும் செல்களையும் உசுப்பிவிடுகிறது. அதாவது முழங்காலில் தொடங்கிய ஒன்று முதுகுத் தண்டு வரைக்கும் பரவிவிடுகிறது. இதோடு, மூட்டுகளில் சாதாரணமாகப் பேசாமல் கிடக்கும் ஒரு வகை வலி நரம்புகள் உண்டு. என்ன அழுத்தினாலும் அவை பதில் சொல்லாது. நரம்பு வளர்ச்சிக் காரணி பட்டால் அவையும் விழித்துக்கொண்டு, சாதாரண அசைவுக்கே செய்தி அனுப்பத் தொடங்கும் என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் அழுத்தம் சமதளத்தில் நடப்பதைவிட அதிகம், உங்களுக்கு அங்கே வலிப்பதில் ஆச்சரியம் இல்லை.

பெரும்பாலானவர்களுக்குக் காயம் ஆற ஆற இந்தச் சுரப்பு குறைந்து எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்புவதில்லை. மாஸ்ட் செல் இந்தப் புரதத்தைச் சுரக்கும், அதே புரதம் மாஸ்ட் செல்லைத் தூண்டி, வீக்கத்தையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினையும் மேலும் கொஞ்சம் நரம்பு வளர்ச்சிக் காரணியையும் கக்க வைக்கும், அது மறுபடி நரம்பைத் தூண்டும், இப்படி ஒரு சுழல் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

அப்புறம், நரம்பு நிஜமாகவே வளர்வதும் உண்டு, அதுவும் வளரக்கூடாத இடத்தில். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு ஆரோக்கியமாக இருந்தால் அதன் வெளிப்புறத்தில் மட்டும்தான் நரம்பு இருக்கும், குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. தேய்ந்த தட்டிலும் தேய்ந்த மூட்டிலும் புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன, கூடவே வலி நரம்புகளும் நுழைகின்றன. அந்த இடங்களில் இந்தப் புரதமும் இருப்பதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். இதெல்லாம் உங்கள் முழங்காலில் நடக்கிறதா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாத வலிக்கு உடலில் இவ்வளவு காரணம் இருக்க முடியும், அதை யாரும் 'ஒன்றுமில்லை' என்று தள்ளக்கூடாது.

கேள்வி: இதை ரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியுமா?

பதில்: ஆய்வுக்கூடங்களில் அளக்கிறார்கள். ஆனால் ஒருவருடைய வலிக்கு இதுதான் காரணம் என்று சொல்லும் அளவுக்கு நம்பகமான சோதனை மருத்துவமனைப் பயன்பாட்டில் இல்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்றால் வேண்டாம்.

கேள்வி: கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். இந்தப் புரதத்தை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வலிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது எப்போது தெரிந்தது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ரீட்டா லெவி-மோன்டால்சினி, இத்தாலியின் டூரின் நகரில் 1909-ல் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்து ஆராய்ச்சியில் இறங்கிய நேரத்தில், 1938-ல், முசோலினி அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடமில்லை. வீட்டில் தன் படுக்கையறையிலேயே சின்ன ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டு, கோழி முட்டைக் கருக்களை வைத்து நரம்பு எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். போர் நடந்துகொண்டிருக்கும்போது அவர் செய்த இந்த வேலையைப் படித்துவிட்டுத்தான் கரு வளர்ச்சியை ஆராய்ந்துவந்த விக்டர் ஹாம்பர்கர் அவரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார்.

எல்மர் பியூக்கர் என்பவர் எலியின் புற்றுக் கட்டியைக் கோழிக் கருவில் வைத்தபோது நரம்புகள் கட்டியை நோக்கித் தாறுமாறாக வளர்ந்ததை 1948-ல் எழுதியிருந்தார். அதைத் தொடர்ந்த ரீட்டா, கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்துதான் நரம்பை வளர்க்கிறது என்று ஊகித்தார். நிரூபிக்கத் திசு வளர்ப்பு வசதி வேண்டும். 1952-ல் கட்டி உள்ள எலிகளைத் தன்னோடு விமானத்தில் எடுத்துக்கொண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவுக்குப் போனார். அங்கே கண்ணாடித் தட்டில் நரம்பு முடிச்சையும் கட்டித் துண்டையும் அருகருகே வைத்தபோது, நரம்பு இழைகள் எல்லாப் பக்கமும் ஒளிவட்டம் போலப் பீறிட்டு வந்தன. அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையை உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் செய்தார். சோதனையின் ஒரு படியில் அவர் பாம்பு விஷத்தைச் சேர்க்கப்போக, கட்டியில் இருப்பதைவிட விஷத்திலேயே இந்தப் புரதம் ஏராளமாக இருப்பது தெரியவந்தது. பாம்பின் விஷச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பியின் இனம்தானே என்று யோசித்து, அடுத்து ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்தார்கள், அதிலும் இருந்தது! 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹாம்பர்கரையும் சேர்த்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன். ரீட்டா 103 வயது வரை வாழ்ந்தார்.

வலித் தொடர்பு மனிதரில் தெளிவாகத் தெரிந்தது 1990-களில். இந்தப் புரதத்தையே மருந்தாகக் கொடுத்தால் சர்க்கரை நோயில் பழுதான நரம்புகள் சரியாகும் என்று நம்பினார்கள். ஆரோக்கியமானவர்களுக்குச் சிறிய அளவு ஊசி போட்டுப் பார்த்தபோது, சில மணி நேரத்துக்குள் உடம்பு முழுக்கத் தசைவலி. ஊசி போட்ட இடம் வாரக்கணக்கில் தொட்டாலே வலித்தது. பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையும் பலன் தரவில்லை, 2000-ல் அது வெளியானது. நரம்பைக் காப்பாற்றக் கொடுத்த மருந்து வலியைத் தந்தது என்றால், அந்தப் புரதத்தைத் தடுத்தால் வலி குறையுமா என்ற யோசனை வலுப்பெற்றது.

கேள்வி: இந்தப் புரதமே வேலை செய்யாமல் பிறப்பவர்கள் உண்டா? அவர்களுக்கு வலியே இருக்காதா? கொடுத்து வைத்தவர்கள் என்று தோன்றுகிறது.

பதில்: நாள்தோறும் வலியில் இருப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தக் குழந்தைகளின் வாழ்க்கை மிகக் கடினமானது. ட்ரக்-ஏ ஏற்பிக்கான மரபணு பழுதானால் பிறவியிலேயே வலி தெரியாத, வியர்வையும் சுரக்காத ஓர் அரிய நோய் வரும். காரணமான மரபணுவை 1996-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பல் முளைத்ததும் இந்தக் குழந்தைகள் தங்கள் நாக்கையும் உதட்டையும் விரலையும் கடித்துக் குதறிவிடும். எலும்பு உடைந்தது தெரியாமல் நடக்கும், மூட்டுகள் சிதைந்துபோகும். வியர்க்காததால் காய்ச்சல் எகிறும், சில குழந்தைகள் அதிலேயே இறந்துபோகிறார்கள்.

வடக்கு ஸ்வீடனில் ஒரு பெரிய குடும்பத்தில் புரதத்தின் மரபணுவிலேயே ஒரு சிறு மாற்றம் இருப்பது 2004-ல் தெரியவந்தது. அவர்களுக்கு வியர்வையும் அறிவு வளர்ச்சியும் பெரும்பாலும் சாதாரணம். ஆனால் எலும்பு, மூட்டு வலி தெரியாததால் சின்ன வயதிலேயே முழங்காலும் கணுக்காலும் அழிந்துபோயிருந்தன. இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் மறுபடி வரும்.

கேள்வி: என் அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். வலி மாத்திரை வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி வந்திருக்கிறது என்று எங்கோ படித்தேன். ஏன் எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை?

பதில்: மனிதர்களுக்கு அது அனுமதிக்கப்படவில்லை, அதனால்தான். ஆனால் அனுமதிக்கு மிக அருகில் வந்து நின்ற மருந்து, அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டானெசுமாப் என்ற ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம்) மருந்து, நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக்கொண்டு ஏற்பியில் ஒட்டவிடாமல் தடுப்பது. 2010-ல் முழங்கால் தேய்மானத்தில் அதன் சோதனை முடிவு வெளியானபோது வலி மருத்துவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நடக்கும்போது வரும் வலி, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 22 சதவீதம் குறைந்திருந்தது, மருந்து பெற்றவர்களுக்கு அளவைப் பொறுத்து 45 முதல் 62 சதவீதம் வரை. மூட்டு வலியில் இப்படி ஒரு வித்தியாசம் பார்ப்பது அபூர்வம். போதை இல்லை, பழக்கம் இல்லை, வயிற்றுப்புண் இல்லை.

அதே ஆண்டே பிரச்சினையும் வந்தது. சிலருக்கு மூட்டு மிக வேகமாக அழிந்து, மாற்று அறுவை சிகிச்சை வரை போயிற்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனைகளை நிறுத்தி வைத்தது. ஆராய்ந்து பார்த்ததில், அளவு கூடக்கூட ஆபத்து கூடியது, வழக்கமான வலி மாத்திரைகளையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இன்னும் கூடியது. அளவைக் குறைத்து, மாத்திரையைத் தவிர்க்கச் சொல்லி, மறுபடி பெரிய சோதனைகள் நடந்தன. அவற்றில் ஒன்றில் இந்த மருந்தை வலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். மூட்டுப் பாதிப்பு வலி மாத்திரைக்காரர்களில் 1.5 சதவீதம், குறைந்த அளவு ஊசி பெற்றவர்களில் 3.8, கூடிய அளவு பெற்றவர்களில் 7.1. வலி குறைவதிலோ மாத்திரையைவிடப் பெரிய முன்னேற்றம் இல்லை. 2021 மார்ச்சில் அந்த அமெரிக்க அமைப்பின் நிபுணர் குழு 19-க்கு 1 என்ற கணக்கில் இதற்கு எதிராக வாக்களித்தது. ஐரோப்பாவிலும் பரிந்துரை கிடைக்கவில்லை. அந்த ஆண்டு இறுதிக்குள் மருந்தை உருவாக்கிவந்த ஃபைசர், எலி லில்லி நிறுவனங்கள் திட்டத்தையே மூடிவிட்டன. இதே வழியில் போன ஃபாசினுமாப் என்ற மருந்தும் பிறகு கைவிடப்பட்டது.

மூட்டு ஏன் அழிகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. வலி போனதும் தேய்ந்த மூட்டில் அதிகப் பாரம் ஏற்றிவிடுகிறார்கள் என்கிறார்கள் சிலர். எலும்பு தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ள இந்த நரம்புகளின் துணை தேவை, அது அறுபடுகிறது என்கிறார்கள் சிலர். ஸ்வீடன் குடும்பத்தைப் பாருங்கள், அங்கேயும் இழப்பு மூட்டில்தான். என் கருத்து, குழு எடுத்த முடிவு சரி. ஆனால் எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல், அறுவை சிகிச்சைக்கும் வழியில்லாமல் வலியோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மா போன்றவர்களுக்கு இது பெரிய இழப்பு என்பதையும் மறுக்க மாட்டேன். அம்மாவுக்கு வலி மாத்திரைக்குப் பதிலாக மேலே தடவும் வலி மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முழங்கால் போன்ற மூட்டுகளில் அது வேலை செய்யும், இரத்தத்தில் கலக்கும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அதையும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வயதான நாய்க்கு மூட்டு வலிக்காக மாதம் ஒரு ஊசி போடுகிறார் கால்நடை மருத்துவர். அது இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிதான் என்கிறார். அப்படியானால் நாய்க்கு ஆபத்து இல்லையா?

பதில்: அவர் சொல்வது சரி. நாய்க்கு பெடின்வெட்மாப், பூனைக்கு ஃப்ருனெவெட்மாப் என்று தனித்தனி ஆன்டிபாடிகள் அனுமதி பெற்றிருக்கின்றன. பல நாய்கள் மறுபடி எழுந்து நடந்திருக்கின்றன. 2024 டிசம்பரில் அமெரிக்க அமைப்பு, நாய்களில் வந்த பக்கவிளைவுப் புகார்களைப் பற்றிக் கால்நடை மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது: தள்ளாட்டம், வலிப்பு, அதிகத் தாகம் போன்றவை. நாயிடம் புதிதாக எதையாவது பார்த்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ இருந்தால் அந்த ஊசியை அவர்கள் கையாள வேண்டாம், தவறிக் குத்திக்கொண்டால் கருவின் நரம்பு வளர்ச்சிக்கு ஆபத்து வரலாம். மனிதர் யாரும் அதைப் போட்டுக்கொள்ளக்கூடாது.

கேள்வி: நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கூட்டும் காளான் மாத்திரை என்று விளம்பரம் வருகிறது. நாள்பட்ட முதுகுவலிக்கு எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சிங்கப் பிடரி போல இருக்கும் அந்தக் காளானில் உள்ள சில பொருள்கள் ஆய்வுக்கூட செல்களிலும் எலிகளிலும் இந்தப் புரதத்தைக் கூட்டியது உண்மை. மனிதரின் முதுகுவலி அதனால் குறைந்ததாக நல்ல ஆதாரம் இல்லை. மேலே எழுதியதைப் படித்தால் இன்னொன்றும் புரியும், வலிக்கிற இடத்தில் இது கூடுவது நமக்கு வேண்டவே வேண்டாம். இதையே மருந்தாகத் தரும் ஓர் இடம் உண்டு, கருவிழியின் உணர்வு நரம்புகள் பழுதாகிப் புண் ஆறாதவர்களுக்கு செனெகெர்மின் என்ற கண் சொட்டு மருந்து. அதிலும் அடிக்கடி வரும் பக்கவிளைவு கண்வலிதான். பி12 மாத்திரை வேறு விஷயம், குறைபாடு இருந்தால் அவசியம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதனால் முதுகுவலி போகாது.

கேள்வி: மூன்று வருடமாக இடுப்பு வலி. வீட்டில் எல்லாரும் 'மனசுதான் காரணம், வேலை செய்யாமல் இருக்க நடிக்கிறாய்' என்கிறார்கள். உடற்பயிற்சி செய் என்கிறார் மருத்துவர், அசைந்தாலே வலிக்கிறது. அழுகையாக வருகிறது.

பதில்: நீங்கள் நடிக்கவில்லை அம்மா. நரம்பின் உணர்திறன் கூடுவது என்பது செல்லுக்குள் நடக்கும் மாற்றம், அதை யாரும் விரும்பி வரவழைக்க முடியாது. இந்தப் பக்கத்தை வீட்டில் இருப்பவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவம் தனியாக ஒரு நோயாகவே பார்க்கத் தொடங்கிவிட்டது, உலக சுகாதார அமைப்பின் புதிய நோய்ப் பட்டியலில் அதற்கென்று இடமும் உண்டு. மனசுக்கும் பங்கு உண்டுதான். தூக்கமில்லாத இரவுக்கு அடுத்த நாள் யாருக்கும் வலி கூடுதலாகத் தெரியும். கவலை அதை இன்னும் கூட்டும். அதனால் வலி பொய் என்று ஆகாது. உங்கள் இடுப்பு வலிக்கு நரம்பு வளர்ச்சிக் காரணி மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். எல்லா நாள்பட்ட வலியும் ஒரே வழியில் வருவதில்லை.

உடற்பயிற்சியை விடாதீர்கள், ஆனால் அளவை மாற்றுங்கள். வலி வரும்வரை செய்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்வதைவிட, வலி கூடாத அளவுக்குச் சின்ன நடையைத் தினமும் நடந்து, வாரம் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது நல்லது. உணர்திறன் கூடிய நரம்பில் வலி வருவதால் மட்டும் உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை. ஒரு இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருந்து தொடங்கி வைத்தால் பயம் குறையும். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்துகொண்டாலோ, அதை நாள்பட்ட வலிக் கணக்கில் சேர்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: அப்படியானால் இந்த வழியில் ஆராய்ச்சியே நின்றுவிட்டதா?

பதில்: இல்லை. இந்தப் புரதத்தை முழுவதுமாகத் தடுக்காமல், அதன் உறவுப் புரதங்களைப் பிடிக்கும் ஒரு மருந்து முழங்கால் தேய்மானத்தில் இரண்டாம் கட்டச் சோதனையைத் தாண்டியிருக்கிறது. இன்னொரு பக்கம், நரம்பு வளர்ச்சிக் காரணி கூட்டிவிடும் சோடியம் வாயில்களில் ஒன்றை மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அறுவை சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்கு மட்டும். நாள்பட்ட வலிக்கு அந்த அனுமதி இல்லை. சர்க்கரை நோய் நரம்பு வலியில் அதைச் சோதித்து வருகிறார்கள், முடிவு வந்ததும் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.